ஜென் 2005: நாலு பிளக்கும் கரி, மைலேஜ் 10, சென்சார் மாற்றியும் தீரவில்லை

நொய்யல்காரன் · ஞாயிறு, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. வண்டி 2005 மாருதி ஜென், பெட்ரோல், 993 சிசி, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சுவது). காங்கயத்தில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வைத்திருந்தது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஓட்டுவதில்லை, ஆறு மாதமாக என் கையில் இருக்கிறது. 88,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பெயின்ட் இன்னும் பளபளவென்று இருக்கிறது, கதவைச் சாத்தினால் சத்தம் கூட நன்றாக வருகிறது. பிரச்சினை எல்லாம் பானெட்டுக்குக் கீழே.

பெட்ரோல் குடிக்கிறது. டேங்க் நிரப்பி, மறுபடி அதே பங்கில் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 10.4 வருகிறது. அப்புச்சி 15 கிடைத்தது என்கிறார். சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கண்மை மாதிரி ஒட்டுகிறது. பின்னால் நின்றால் கண் எரிகிறது, பெட்ரோல் வாசம். ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தால் அதிலும் பெட்ரோல்.

ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2020-இல் 5 வருடத்துக்குப் புதுப்பித்தது முடிகிறது. புகைச் சான்று எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு 2.3 சதவீதம் காட்டியது. இந்த வண்டிக்கு 0.5-க்குள் இருக்க வேண்டுமாம். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணா, இது கார் இல்லை, செங்கல் சூளை" என்றான்.

பட்டறையில் இதுவரை செய்தது: ஏர் ஃபில்டர், பிளக் செட், இன்ஜெக்டர் க்ளீனிங், கடைசியாக ஆக்சிஜன் சென்சார். எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்து இசிஎம் (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) போயிருக்கும் என்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

சென்னிமலை_தறி · ஞாயிறு, காலை 8:05

இ20 பெட்ரோல்தாங்க (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம். பழைய வண்டி எல்லாத்துக்கும் இதே கதை. வித்துட்டு வேற வாங்குங்க.

பழைய பட்டறை · ஞாயிறு, காலை 9:30

தம்பி, அவசரப்பட்டு எதையும் மாற்றாதீங்க. பெட்ரோல் ஓவராக அடிக்கிறது என்றால் முதலில் கார்பரேட்டரில் ஃப்ளோட் லெவல் பாருங்க. நீடில் வால்வு நுனி தேய்ந்திருந்தால் பெட்ரோல் கிண்ணத்தில் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும். அடுத்து சோக் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்க. கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும், நாம் உள்ளே தள்ளிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். மூன்றாவது ஜெட், பெட்ரோல் வருகிற சின்னத் துளை. கம்பி விட்டுக் குத்தும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. பித்தளை மெதுவானது, ஒரு தரம் கம்பி விட்டால் ஓட்டை பெரிசாகிவிடும், அப்புறம் அது ஜெட்டே இல்லை.

பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருந்தபோது ஊட்டிக்குப் போகிற பத்மினி கார் எல்லாம் என்னிடம்தான் வரும். கீழே நன்றாக ஓடுகிற வண்டி மேலே போனதும் கரும்புகை விடும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்று கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தேய்ந்துபோகிறது, கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அளவிலேயே பெட்ரோலை விடும். திருகைக் கொஞ்சம் திருகிக்கொடுத்து அனுப்புவேன். இறங்கி வந்ததும் திரும்பித் திருகாமல் விட்டால் கோவைச் சூட்டில் மிஸ்ஸிங் அடிக்கும். ஒரே திருகை ஏற ஒரு தரம், இறங்க ஒரு தரம் என்று திருகியே ஒரு சீசன் ஓட்டினேன்.

நொய்யல்காரன் · ஞாயிறு, காலை 9:52

ஐயா, இது எம்பிஎஃப்ஐங்க. கார்பரேட்டர் கிடையாது.

பழைய பட்டறை · ஞாயிறு, காலை 10:10

அட, ஜென் என்றதும் பழைய மாடல் நினைப்பில் எழுதிவிட்டேன், மன்னிச்சுக்குங்க. அப்படியென்றால் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கிற ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரைப் பாருங்க. அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகிற சின்ன வேக்கம் ஹோஸைக் கழற்றி மோந்து பாருங்க. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயஃப்ரம் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இ20 பற்றி ஒன்று. அதனால் ரிச்சாக (பெட்ரோல் கூடி) ஓடாது தம்பி, உல்டா. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்குப் பதின்மூன்றரை ஒட்டி இருந்தால் போதும். அதே அளவு விட்டால் கலவை லீனாகத்தான் (பெட்ரோல் குறைந்து) போகும். மைலேஜ் குறையும், வாஸ்தவம்தான். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஐந்தில் ஒரு பங்குதான் கலக்கிறார்கள். 15-இல் ஒரு கிலோமீட்டர் குறையலாம், அஞ்சு குறையாது. கரியும் பிடிக்காது.

கீரணத்தம்_மீட்டர் · ஞாயிறு, மதியம் 12:20

மூன்று கேள்வி, பதில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

பிளக் நாலும் ஒரே மாதிரி கரியா, ஒன்று மட்டும் அதிகமா? எந்த நேரத்தில், எந்த ரோட்டில் அதிகம் குடிக்கிறது? டேஷில் இருக்கிற டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

நொய்யல்காரன் · ஞாயிறு, மதியம் 2:45

அக்கா, சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் கழற்றினேன். தினத்தந்தியை விரித்து ஒன்று முதல் நாலு வரை வரிசையாக வைத்தேன். நாலும் ஒரே கருப்பு. ஈரம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, காய்ந்த அடுப்புக்கரி மாதிரி உதிர்கிறது. மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது.

ஐயா சொன்ன வேக்கம் ஹோஸையும் பார்த்துவிட்டேன். காய்ந்திருக்கிறது, வாசம் இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கே புதிராக இருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. அவிநாசி ரோட்டில் தடையில்லாமல் 70, 80-இல் போகும்போதுதான் அதிகம் குடிக்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இன்னும் மோசம். மதிய வெயிலில் வாசம் குறைவு. எல்லா வண்டிக்கும் ஹைவேயில்தானே மைலேஜ் கூடும்?

முள் C-க்கு மேல் ஒரு விரற்கடை தூரம். அதற்கு மேல் ஏறி நான் பார்த்ததே இல்லை. சூடாகாத வண்டி என்று சந்தோஷப்பட்டேன்.

கரூர் பஸ்பாடி · ஞாயிறு, மாலை 4:10

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தீங்களா?

நொய்யல்காரன் · ஞாயிறு, மாலை 4:31

பார்த்தேங்க. வெளிறிய மஞ்சள் நுரை, டீக்கடையில் ஆடை படிந்த மாதிரி.

கரூர் பஸ்பாடி · ஞாயிறு, மாலை 4:33

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போச்சு. ஆயிலில் தண்ணி கலக்குது. இறக்கிப் பார்க்காமல் ஓட்டாதீங்க.

கீரணத்தம்_மீட்டர் · ஞாயிறு, மாலை 5:50

இல்லைங்க, கொஞ்சம் பொறுங்க. கேஸ்கெட் போயிருந்தால் டிப்ஸ்டிக்கிலும் அந்த நுரை வரும், ரேடியேட்டரில் தண்ணி குறையும், புகை வெள்ளையாக வரும். இங்கே மூடியில் மட்டும்தான் நுரை, புகை கருப்பு. இன்ஜின் போதிய சூடு ஏறாமல் ஓடினாலும் இந்த நுரை கட்டும். உள்ளே உண்டாகிற ஈரம் ஆவியாகி வெளியேறாமல் மூடியில் படிந்துவிடும்.

நாலு பிளக்கும் ஒரே கரி என்றால் ஒரு இன்ஜெக்டரின் தப்பு இல்லை. நாலுக்கும் பொதுவான ஒன்று கூடுதலாக விடச் சொல்கிறது. ஓடினால் மோசம், நின்றால் பரவாயில்லை, விடியலில் மோசம், வெயிலில் பரவாயில்லை என்கிறீர்கள். காற்றுப்பட்டால் கூடுகிற வியாதி இது. ஹைவேயில் ரேடியேட்டருக்குக் காற்று அதிகம், அவ்வளவுதான்.

கார்பரேட்டர் வண்டியில் காலையில் சோக் இழுப்போம் இல்லையா? குளிர்ந்த இரும்பில் பெட்ரோல் ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும், அதை ஈடுகட்டக் கூடுதலாக விட வேண்டும். எம்பிஎஃப்ஐ-யில் அந்த வேலையை இசிஎம் செய்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றுகிற தண்ணியில் இருக்கும் கூலன்ட் சென்சார் சொல்கிற சூட்டைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், சூடு ஏற ஏறக் குறைக்கும். உங்கள் வண்டி நாள் முழுக்கச் சோக்கை இழுத்துக்கொண்டே ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஒன்று, சென்சார் பொய் சொல்கிறது. அல்லது இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்து கிடக்கிறது. எது என்று அளந்தால் தெரிந்துவிடும்.

ஒயர் கப்ளர் இருக்கிற இரண்டு பின் சென்சார்தான் இசிஎம்முக்குப் போவது. ஒற்றை ஒயர் இருப்பது டேஷ் முள்ளுக்கு, அதைத் தொடாதீங்க. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திய உடனே கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு பின்னுக்கும் நடுவே பாருங்க. சுசுகி சென்சார் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் ஒட்டிக் காட்டும், 40-இல் 1.1, 60-இல் 0.6, 80-இல் 0.3. அதே நிமிஷம் ரேடியேட்டர் மேல் ஹோஸின் சூட்டையும் வேறொரு கருவியில் அளந்துகொள்ளுங்க. இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் யோக்கியன்.

நொய்யல்காரன் · செவ்வாய், இரவு 9:15

நேற்று ஒரு கூத்து. வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிக்கு நீட்டுகிற துப்பாக்கி இருந்தது. அதை ஹோஸில் நீட்டினேன். "Hi" என்று காட்டிச் சிவப்பாகிவிட்டது. காய்ச்சல் பார்க்கிற கருவி 43-க்கு மேல் படிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கும் மச்சானிடம் வேலைக்கான கருவியை வாங்கிவந்தேன்.

இன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கருமத்தம்பட்டி தாண்டி ஓரமாக நிறுத்தினேன். குளிர், டீக்கடைக்காரர் மஃப்ளரோடு இருந்தார். பானெட்டைத் தூக்கினேன். மேல் ஹோஸ் 53 டிகிரி. கையால் பிடித்துக்கொண்டே நிற்க முடிகிறது! கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 0.72 கிலோ ஓம்.

இசிஎம் பதிந்து வைக்கிற குறைக் கோட் படித்தும் பார்த்தேன். ப்ளூடூத் ஸ்கேனர் இந்த வண்டியோடு பேசவில்லை. டயக்னாசிஸ் கப்ளரில் ஒயர் போட்டு செக் இன்ஜின் விளக்கைச் சிமிட்டவைத்தோம். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல். திரும்பத் திரும்ப 12 மட்டும்தான்.

கீரணத்தம்_மீட்டர் · செவ்வாய், இரவு 9:40

12 என்றால் குறை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். பதிவாகாது. சென்சார் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் கோட் விழும். 0.72 என்பது ஐம்பத்தைந்து டிகிரிக்குப் பக்கம், ஹோஸ் 53. இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. சென்சார் நிஜத்தைச் சொல்கிறது, இசிஎம் அதை நம்பிப் பெட்ரோல் விடுகிறது. இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

முப்பது கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் ஏன் 53-இல் இருக்கிறது? சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணி போகாமல் அடைத்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வால்வே இல்லை.

ஆழியாறு40 · செவ்வாய், இரவு 10:02

ஒரு சந்தேகம். சாவி போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுதாண்ணா?

நொய்யல்காரன் · செவ்வாய், இரவு 10:06

ஓடுது! ஏசிக்காக ஓடுதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஆழியாறு40 · செவ்வாய், இரவு 10:08

ஏசி போடாமலேயா? இன்ஜின் சூடேறினாத்தானே ஓடணும்?

நொய்யல்காரன் · செவ்வாய், இரவு 10:09

...

நொய்யல்காரன் · சனி, மாலை 6:20

இன்று பக்கத்து வீட்டு அண்ணனோடு சேர்ந்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தோம். இரண்டு போல்ட்டுதான். துரு பிடித்திருந்ததால் முக்கால் மணி நேரம். மேல் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால் உள்ளே வெறும் ஓட்டை. வால்வு உட்காருகிற பள்ளம் மட்டும் வட்டமாக, சுத்தமாக இருக்கிறது. ஃபேன் ஸ்விட்ச் கப்ளரை வெட்டி, ஒயரை முறுக்கி டேப் சுற்றி, இக்னீஷனிலிருந்து நேராகக் கொடுத்திருக்கிறார்கள்.

உடனே அப்புச்சிக்குப் போன் போட்டேன். சாவகாசமாகச் சொன்னார்: "அதா, கோத்தகிரிக் கல்யாணத்துக்குப் போறப்ப வண்டி சூடேறி மலையில நின்னு போச்சு கண்ணு. மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் ஒரு சாமானைக் கழட்டிக் கையில குடுத்தாரு. இது இல்லாட்டிச் சூடே ஏறாதுன்னாரு. நெசந்தான், அப்புறம் ஏறவே இல்ல."

எத்தனை வருடம் ஆச்சு என்றேன். பேத்தி பிறந்த வருடம் என்றார். அவள் இப்போது ஏழாவது படிக்கிறாள். அவர் சொன்ன 15 மைலேஜ் எல்லாம் அதற்கு முந்தின கணக்கு!

பழைய பட்டறை · சனி, மாலை 7:05

இந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கார்பரேட்டர் காலத்தில் அம்பாசிடர், பத்மினி எத்தனையோ வண்டிக்கு நானே கழற்றிப் போட்டிருக்கிறேன். மலையில் நிற்கிற வண்டியைக் கீழே கொண்டுவர அந்த நேரத்துக்கு வேறு வழி இருக்காது. அந்த வண்டிகளுக்குச் சோக்கை நாமே தள்ளிவிடுவோம், அதனால் பெரிசாகத் தெரியாது. எம்பிஎஃப்ஐ வந்த பிறகும் அதே பழக்கத்தில் கை போனதுதான் தப்பு.

திருச்செங்கோடு_ரிக் · சனி, இரவு 8:15

புது வால்வு வாங்கி மாட்டிட்டுக் காந்திபுரம் சிக்னல்ல போய் நின்னுடாதீங்க. முதல்ல வண்டி ஏன் சூடாச்சுன்னு பாருங்க. வால்வைக் கழட்டினது அப்புறம். அதுக்கு முந்தி மலையில கொதிச்சுதே, அந்தக் காரணம் இன்னும் உள்ளேயேதான் இருக்கும். ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனாருன்னு அப்புச்சியைக் கேளுங்க.

நொய்யல்காரன் · சனி, இரவு 8:40

கேட்டேன். தோட்டத்து போர் தண்ணிதானாம். "நல்லாத்தான் இருக்கும், மாடெல்லாம் குடிக்குது" என்றார்.

திருச்செங்கோடு_ரிக் · சனி, இரவு 8:52

ஊரெல்லாம் போர் போடறவன் சொல்றேன், நம்ம பக்கத்து ஆழத் தண்ணி உப்பு. குண்டாவில் காய்ச்சினா வெள்ளையா ஒட்டும் பாருங்க, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும். கழட்டிக் கடைக்குக் கொண்டுபோங்க.

சென்னிமலை_தறி · சனி, இரவு 9:00

சிறுவாணித் தண்ணி ஊத்தியிருந்தா இந்தப் பாடு இல்லை 😀

கீரணத்தம்_மீட்டர் · சனி, இரவு 9:10

சிறுவாணியும் வேண்டாங்க, குடிக்க வைத்துக்கொள்ளுங்க. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. வால்வு மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும், ஓரத்தில் இருக்கிற சின்னக் காற்று ஊசி மேல் பக்கமாக. ஃபேனைத் திரும்ப ஸ்விட்ச் வழியே கொடுங்க. ஆயிலையும் மாற்றிவிடுங்க, பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குக்கு ஆகாது.

நொய்யல்காரன் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 8:30

தாமதத்துக்கு மன்னிக்கணும்.

ரேடியேட்டரைக் கடையில் கொடுத்தேன். பாதிக்கு மேல் குழாய் அடைப்பு. தட்டினால் சுண்ணாம்புத் துண்டாக விழுந்தது. ரிக் அண்ணா சொன்னதுதான் சரி.

வால்வு வாங்கக் கிளம்பின அன்று அப்புச்சியிடமிருந்து போன். கழற்றின பழைய வால்வு அட்டாலியில் (பரணில்) இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காங்கயம் போனேன். மஞ்சப்பைக்குள் செய்தித்தாளில் பொதிந்து, நூல் கட்டி வைத்திருந்தார். நல்லாத்தானே இருக்குது, எதுக்கு வீசறதென்று எடுத்து வைத்தாராம். விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது.

அங்கேயே அடுப்பில் ஒரு குண்டாவில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மச்சானின் துப்பாக்கி தண்ணீரின் மேற்பரப்புச் சூட்டை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் மில்லில் வேலை பார்க்கும் பங்காளியிடம் கம்பித் தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். அம்மாயி முதல் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். 70, 75, ஒன்றும் நடக்கவில்லை. 80 தாண்டியதும் நடுவில் இருந்த தட்டு லேசாக நகர்ந்தது. நூல் அளவு இடைவெளி, அப்புறம் அரிசி அளவு. 90 தாண்டியபோது விரல் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டது. உள்ளே இருக்கிற மெழுகு விரிந்து தள்ளுகிறதாம். வெளியே எடுத்து வைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. பன்னிரண்டு வருடம் அட்டாலியில் கிடந்த சாமானுக்கு ஒரு குறையும் இல்லை. அப்புச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ரப்பர் கேஸ்கெட் மட்டும் புதிது போட்டேன். ஃபேன் ஸ்விட்ச் மாற்றினேன். இப்போது முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் அசையாமல் நிற்கிறது. சிக்னலில் நின்றால் ஃபேன் ஓடி, தானே நிற்கிறது. முதல் தடவை நின்றபோது பயந்துவிட்டேன்.

மைலேஜ் இரண்டு டேங்க் பார்த்தேன்: 14.1, 14.6. ஹைவேயில்தான் இப்போது அதிகம். புகை பார்த்த தம்பியிடம் திரும்பப் போனேன். 0.3 வந்தது, சான்று கொடுத்துவிட்டான். பிளக் கழற்றிப் பார்த்தால் கரி எரிந்து போய் நுனி மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. பட்டறையில் மாற்றச் சொன்ன இசிஎம் இன்னும் பழையதேதான்.

அக்கா, ஐயா, ரிக் அண்ணா எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்புச்சி மஞ்சப்பையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதில் இன்னும் இரண்டு வாஷர் இருக்கிறதாம், எந்த வண்டியுடையது என்று அவருக்கே நினைவில்லை.

ஆழியாறு40 · ஞாயிறு, காலை 9:02

அருமைங்ணா. இழையைப் படிச்சிட்டு இப்பத்தான் என் மாருதி 800-ஐப் பார்த்தேன். சாவி போட்டதும் ஃபேன் ஓடுது. வால்பாறை போய்வர்ற வண்டிங்க, நாப்பது கொண்டை ஊசி. 2003 மாடல், எம்பிஎஃப்ஐ. போன வருசம்தான் வாங்குனது.

கீரணத்தம்_மீட்டர் · ஞாயிறு, காலை 9:10

முள் எங்கே நிற்குது?